பேர் வெட்டிய டம்ளர்

ஏ.எஸ்.ராவ் நகரில், பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு வீட்டில், சமையலறை ஜன்னல் மேடையில் ஒரு டம்ளர் ஐந்து மாதம் போலத் தனியாக இருந்தது. மற்ற டம்ளர்களெல்லாம் சுவரில் மாட்டிய எவர்சில்வர் ஸ்டாண்டில் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். அது ஒன்று மட்டும் ஜன்னலில். அதை அங்கே வைத்தவள் கல்பகம். யார் மனசும் நோகக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படி வைத்தாள்.

கல்பகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்தவர். ஐந்து பெண்களில் இவள் நாலாவது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த சக்ரபாணிக்குக் கழுத்தை நீட்டி, அவரோடு ஹைதராபாத் வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. தெலுங்கைக் காய்கறிக் கடையில் கற்றுக்கொண்டாள். ஹிந்தியைப் பஸ்ஸில் கற்றுக்கொண்டாள். இங்கிலீஷ் மட்டும் நாலைந்து வார்த்தையோடு வாசலிலேயே நின்றுவிட்டது.

அவர்கள் பேட்டைப் பெருமாள் சின்னக் கோயில்காரர். தனி மடப்பள்ளி கிடையாது. சனிக்கிழமை தோறும் புளியோதரை கல்பகத்தின் வீட்டிலிருந்துதான் போகும். பதினெட்டு வருஷமாக அப்படி. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சமையலறையைத் துடைத்துக் கோலம் போட்டு, பித்தளைச் சொம்பில் தீர்த்தம் பிடித்து மேடையில் வைத்துவிடுவாள். சனிக்கிழமை விடிகாலை குளித்து, ஈரப்புடவையோடு அடுப்பைப் பற்றவைப்பாள். அவளிடம் நகை அதிகம் கிடையாது, படிப்பும் கிடையாது. தான் சமைத்ததைப் பெருமாள் அமுது செய்கிறார் என்கிற அந்த ஒன்றுதான் அவளுக்கு எல்லாம்.

அவர்களுக்கு ஒரே பெண், ப்ரியம்வதா. எம்.எஸ்சி. படிக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத பாசி, கிருமி இவற்றைப் பற்றிய படிப்பு. போன வருஷம் அவளுக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவியாக ஒரு பருவம் ஃபின்லாந்து தேசத்தில் துர்க்கு என்ற ஊரில் படிக்க இடம் கிடைத்தது. அங்கே அதே படிப்புப் படிக்கும் ஐனோ என்ற பெண் இங்கே வருவதாக ஏற்பாடு. இரண்டு பெண்களும் போனில் பேசிப் பழகி, ஹாஸ்டல் வேண்டாம், உன் வீட்டில் நான் இருக்கிறேன், என் வீட்டில் நீ இரு என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு, பிறகுதான் பெரியவர்களிடம் சொன்னார்கள்.

சக்ரபாணிக்குச் சிரிப்பு. "பெண் கொடுத்துப் பெண் எடுக்கறதுன்னா கல்யாணத்துலதான் பார்த்திருக்கேன்" என்றார்.

கல்பகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது. வருகிற பெண்ணை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோமோ, நம் பெண்ணை அங்கே அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். கோயிலுக்குப் போய் அதையே வேண்டிக்கொண்டாள். இந்தப் பெண் என் வீட்டில் இருக்கிற நாளில் ஒரு குறையும் நினைக்காமல் திரும்பிப் போக வேண்டும், பெருமாளே, அதற்கு நீதான் பொறுப்பு.

ப்ரியா விமானம் ஏறின நாலாம் நாள், ஆகஸ்ட் கடைசியில், ஐனோ வந்து இறங்கினாள். நல்ல உயரம், வெளுத்த புருவம், முதுகில் அவளில் பாதிக்கு ஒரு பை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத் தன் ஷூவையும் கழற்றி, அவற்றோடு நேராக வைத்தாள். தங்கள் தேசத்திலும் வீட்டுக்குள் ஷூ போட மாட்டோம் என்று சொன்னாள். கல்பகத்துக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப் போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. விடியும் முன்பே குளித்துவிட்டு வந்த கல்பகம் சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். ராத்திரிப் பயணக் களைப்பும் ஹைதராபாத் புழுக்கமுமாகத் தூக்கம் கலைந்து எழுந்து வந்த பெண், மேடையில் இருந்த பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் எடுத்து, வாயில் வைத்துக் கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். அது கோயில் தளிகைக்கு வைத்த தீர்த்தம். ஐனோ சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "குட் மார்னிங்."

"குட் மார்னிங்" என்றாள் கல்பகம்.

அந்தப் பெண் மாடிக்குப் போன பிறகு, மிச்சத் தீர்த்தத்தைக் கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டினாள். சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தாள். மறுபடி குளித்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் புளியோதரை அரைமணி நேரம் தாமதமாகக் கோயிலுக்குப் போயிற்று.

கல்பகம் வீட்டில் எல்லோரும் டம்ளரை உயர்த்தி, உதட்டில் படாமல்தான் குடிப்பார்கள். தண்ணீரும் அப்படி, சுடச்சுடக் காபியும் அப்படி. வாய் வைத்துக் குடிப்பதைச் சீப்பிக் குடிப்பது என்பார்கள். வாய் பட்டது எச்சில். எச்சில் பட்ட பாத்திரம் பெருமாள் பாத்திரத்தோடு சேரக் கூடாது. இதை ஐனோவிடம் சொல்லியிருக்கலாம். ப்ரியா ஆறு வயதில் ஒரே மத்தியானத்தில், சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு, கற்றுக்கொண்ட விஷயம்தான். ஆனால் நாலாயிரம் மைல் தள்ளி வந்த விருந்தாளியைப் பார்த்து, உன் வாய் பட்டது எங்களுக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது? அதுவும் இங்கிலீஷில்? கல்பகத்துக்கு நாக்கு எழவில்லை. போனில் ப்ரியாவிடம் சொல்லச் சொல்லலாம் என்று நினைத்தாள். அவள் புது ஊரில் என்ன பாடு படுகிறாளோ, இதை வேறு அவள் தலையில் ஏற்றுவானேன் என்று விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் ஸ்டாண்டிலிருந்து ஒரு தட்டும் ஒரு டம்ளரும் எடுத்தாள். அடையாளம் தெரிய வேண்டுமே என்று ப்ரியாவின் நகப் பாலிஷை டம்ளரின் அடியில் ஒரு பொட்டு வைத்தாள். தட்டை அலமாரியின் கீழ்த்தட்டிலும் டம்ளரை ஜன்னல் மேடையிலும் வைத்து, ஐனோவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "திஸ் யுவர். ஒன்லி யுவர்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துபோயிற்று. எனக்கே எனக்கா என்று கேட்டாள். கல்பகம் தலையாட்டினாள். ஐனோ டம்ளரை எடுத்து, அடியில் இருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்து, விரலால் தடவினாள்.

கல்பகத்துக்கு அப்போது நிம்மதிதான். ஒரு வார்த்தை சொல்லாமல், யாருக்கும் வருத்தமில்லாமல் காரியம் முடிந்தது என்று நினைத்தாள்.

ஐனோ மெல்ல ஊரோடு ஒட்டினாள். முதல் வாரம் பஸ்ஸில் ஏறவே பயந்தவள், பிறகு ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டாள். ஊரிலுள்ள பெண்களெல்லாம் ஆதார் அட்டையைக் காட்டி ஜீரோ டிக்கெட்டில் போக, இவள் ஒருத்திதான் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவள். கண்டக்டர் அம்மாவுக்கு அதனாலேயே இவளை அடையாளம் தெரியும். "ஒச்சிந்தி மா மகாராணி", வந்துவிட்டாள் நம் மகாராணி, என்று இடம் விடச் சொல்லுவாளாம். காப்ரா ஏரிக்குப் போய்ச் சீசாவில் பச்சைத் தண்ணீர் பிடித்து வந்து, மாடி அறையில் வரிசையாக வைத்தாள். சக்ரபாணியிடம் ஹைதராபாத் பாஷை கற்றுக்கொண்டாள். இன்னொரு கரண்டி சாதம் போட வந்தால் "நக்கோ" என்று கையைக் குறுக்கே நீட்டுவாள். அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

தமிழ் கல்பகத்திடம். வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி மத்தியானம் வரை சமையலறைக்குள் வரக் கூடாது என்பதைக் கையால் காட்டியதிலேயே புரிந்துகொண்டாள். மற்ற நாளில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கத்தரிக்காயைக் காட்டி, கரண்டியைக் காட்டிப் பெயர் கேட்பாள். 'மாமி' வந்தது, 'போறும்' வந்தது. சாப்பிடும்போது கல்பகம் ஒவ்வொரு தடவையும் "வேற என்ன வேணும்?" என்பாள். "வேற வேண்டாம் மாமி" என்று அந்தப் பெண் அழுத்தந்திருத்தமாகச் சொல்லும். அவள் தேசத்தில் தண்ணீர் மாதிரி காபி குடிப்பார்களாம். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஜன்னலுக்குப் போய்த் தன் டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு வந்து நீட்டுவாள். கல்பகம் டவராவை உயர்த்தி, படாமல் ஊற்றுவாள்.

ஒரு நாள் ஐனோ மற்ற பாத்திரங்களை உற்றுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் எழுத்து வெட்டியிருந்தது. ஒன்றில் 'ச.கல்பகம்'. ஒன்றில் 'ப்ரியம்வதா' என்று பிறந்த தேதியோடு. இது என்ன என்று கேட்டாள். இன்னாருடையது என்று பாத்திரத்தில் பேர் வெட்டுவோம் என்று கல்பகம் சொன்னாள். ஐனோ உடனே ஜன்னலுக்குப் போய்த் தன் டம்ளரைக் கொண்டுவந்தாள். "மாமி, என் பேர்?"

என்ன சொல்லித் தட்டிக் கழிப்பது என்று கல்பகத்துக்குத் தெரியவில்லை. மறுநாளே பாத்திரக் கடைக்குக் கூட்டிப் போக வேண்டி வந்தது. கடைக்காரருக்குத் தெலுங்கு வெட்டத்தான் தெரியும். தமிழ் வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், பார்த்து வெட்டுகிறேன் என்றார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கல்பகம் தன் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் 'ஐனோ' என்று எழுதினாள். அவள் ஐ எப்போதும் வால் நீண்டு போகும். கடைக்காரர் அந்த வாலையும் விடாமல் அப்படியே வெட்டினார். மிஷின் ரீங்கரிக்க, ஐனோ அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள். கல்பகத்துக்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தும் தன் மேல் வெட்டுகிற மாதிரி இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ப்ரியா போனில் முகம் காட்டிப் பேசினாள். ஐனோவின் அம்மா அவளுக்கென்று புதிதாக ஒரு வாணலி வாங்கியிருக்கிறாளாம். வீட்டில் மீன் இல்லாத நாள் கிடையாது. அதன் வாசனை கூட ப்ரியாவின் சாப்பாட்டில் பட்டுவிடக் கூடாது என்று, அந்த வாணலியைத் துணி சுற்றித் தனியாக மாட்டி, வேறு யாரும் தொடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாளாம். கல்பகம் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தான் வேண்டியபடியே பெருமாள் நடத்திவிட்டார் என்று நினைத்தாள்.

பக்கத்தில் இருந்த ஐனோ தன் டம்ளரைத் தூக்கிக் காமிராவில் காட்டினாள். இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ப்ரியா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். "அங்க அவ அம்மா எனக்குத் தனி வாணலி. இங்க நீ அவளுக்குத் தனி டம்ளர். ரெண்டு அம்மாவும் ஒரே மாதிரின்னு சொல்றாம்மா."

கல்பகம் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ராத்திரி படுக்கப் போகும்போது சக்ரபாணி சொன்னார். "அந்த டம்ளரை ஸ்டாண்ட்ல வெச்சுடேன். கிருமியைப் பத்திப் படிக்கற பொண்ணு. எச்சில்னா என்னன்னு நமக்கே பாடம் எடுப்பா. சொன்னாப் புரிஞ்சுப்பா."

கல்பகமும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோயிலுக்கு மூன்று பங்கு தளிகை. இந்த மாதம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளினாள்.

புரட்டாசி முடிவதற்குள் சபீனா வந்தாள். ஐனோவோடு ஒரே வகுப்பு. ஆம்பூர்க்காரக் குடும்பம், அப்பாவுக்குக் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. தமிழ் பேசுகிற பெண் என்றதும் கல்பகத்துக்குச் சந்தோஷம். காபி கலந்தாள். எதில் கொடுப்பது என்று ஒரு நிமிஷம் கை தயங்கியது. போன விசேஷத்தில் மிஞ்சின காகிதக் கப் அலமாரியில் இருந்தது. அதில் ஊற்றிக் கொடுத்தாள். ஐனோ வழக்கம் போல ஜன்னலிலிருந்து தன் டம்ளரை எடுத்து வந்து, வெட்டிய பேரைத் தோழியிடம் காட்டினாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

சபீனா டம்ளரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஸ்டாண்டைப் பார்த்தாள். தன் கையிலிருந்த காகிதக் கப்பைப் பார்த்தாள். காபி நல்லா இருக்கு என்று சொல்லி முழுவதும் குடித்தாள். ஐனோ ஏதோ புத்தகம் எடுக்க மாடிக்குப் போனபோதுதான் வாய் திறந்தாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்ல வேலை செய்யற அக்காவுக்கு எங்கம்மாவும் இப்படித்தான் பால்கனியில ஒரு டம்ளர் வெச்சிருக்காங்க. அதனாலதான் பார்த்த உடனே தெரிஞ்சுது."

கல்பகம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். கோயில் தளிகை என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். காலேஜ்ல எல்லார்கிட்டயும் அந்த போட்டோவத்தான் காட்டிட்டிருக்கா. வேற யாராச்சும் சொல்றதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க ஆன்ட்டி."

அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றுதான் கல்பகம் நினைத்தாள். விளக்கேற்றும்போது வார்த்தைகளைக் கோத்தாள். ஐனோ, இது உன்னைத் தாழ்த்துவதற்காக வைத்தது இல்லை. அப்படியானால் எதற்காக என்று அவள் கேட்டால்? அங்கேயே கோத்தது அறுந்துபோகும். ஐப்பசியில் தீபாவளி வந்தது. ஐனோவுக்குப் புடவை கட்டிவிட்டாள், தலையில் எண்ணெய் வைத்தாள், தன் பெண்ணுக்குச் செய்கிற எல்லாம் செய்தாள். டம்ளர் மட்டும் ஜன்னலில் இருந்தது. நல்ல நாளில் இந்தப் பேச்சு எதற்கு என்று தள்ளினாள். கார்த்திகை வந்தது.

கார்த்திகையில் கல்பகம் காய்ச்சலில் விழுந்தாள். ஊரெல்லாம் வந்த விஷக் காய்ச்சல். நாலு நாள் தலை தூக்க முடியவில்லை. ஐனோ வகுப்புக்குப் போகவில்லை. நெற்றியில் ஈரத் துணி போட்டாள். மாத்திரைக்கு நேரம் குறித்துத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. காபி குடித்தால் தேவலை போல இருக்கிறது என்று கல்பகம் முனகினாள். சக்ரபாணி போட்டு வைத்திருந்த டிகாக்‌ஷனில் ஐனோ பால் காய்ச்சிக் காபி கலந்தாள். எத்தனை நாள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நிறம் கூடச் சரியாக வந்திருந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கட்டிலருகில் வந்து நின்றாள்.

ஸ்டாண்டில் பன்னிரண்டு டம்ளர் இருந்தது. அவள் கொண்டுவந்தது தன் டம்ளரில். அந்த வீட்டில் தன்னுடையது என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். அதில்தான் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

கல்பகம் கையை நீட்டினாள். வால் நீண்ட அந்த ஐ கண்ணில் பட்டது. கை நின்றது. நினைத்துச் செய்ததில்லை அது. ஐம்பது வருஷப் பழக்கம் அவளுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பேசிவிட்டது.

"ஏன்னா, வேற டம்ளர்ல விட்டுத் தாங்கோ."

சொன்னது கணவரிடம். தமிழில், மெதுவாக. ஆனால் 'வேற' என்பது அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதமாக மூன்று வேளையும் கேட்ட வார்த்தை. டம்ளர் எல்லா ஊரிலும் டம்ளர். ஐனோ கையிலிருந்த டம்ளரைக் குனிந்து பார்த்தாள். சக்ரபாணி வந்து அதை வாங்கிக்கொண்டு போய், ஸ்டாண்டிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றினார். ஐனோ அவர் பின்னாலேயே போய், ஸ்டாண்டையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். காலி டம்ளரை வாங்கிக் கழுவி ஜன்னலில் கவிழ்த்தாள். திரும்பி வந்து கல்பகத்தின் நெற்றித் துணியை மாற்றினாள். துணி குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கல்பகத்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஐனோ கோபித்துக்கொண்டிருந்தால், கல்பகம் காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்திருப்பாள். அந்தப் பெண் கோபிக்கவில்லை. முன்னைவிட மரியாதையாக இருந்தாள். சமையலறைக்குள் வருவது மட்டும் நின்றுபோயிற்று. காபி வேண்டுமென்றால் வாசற்படியில் நின்று கேட்பாள். தன் தட்டையும் டம்ளரையும் மாடிக் குழாயில் கழுவிக்கொண்டு வந்து வாசற்படியில் வைப்பாள், கல்பகம்தான் உள்ளே எடுத்து வைப்பாள். கத்தரிக்காயும் கரண்டியும் காட்டிப் பேர் கேட்பது இல்லை. ஒரு புதன்கிழமை கல்பகம், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தானே மணை போட்டு, "உள்ள வாடியம்மா, வந்து உட்காரு" என்று கூப்பிட்டாள்.

"இருக்கட்டும் மாமி. இங்கேயே நன்னா இருக்கு" என்றாள் ஐனோ. கல்பகம் கற்றுக்கொடுத்த தமிழ்தான். ஒரு எழுத்து பிசகவில்லை.

அன்று ராத்திரி ப்ரியாவிடம் போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தாள். ப்ரியாவுக்குப் பரீட்சை. அந்தப் பக்கம் அவள் நீலக் கப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஐனோவின் அம்மாவுடைய கப்பாம். மறதியில் எடுத்துவிட்டேன், அவள் அதிலேயே குடி என்று சொல்லிவிட்டாள் என்று சிரித்தாள். கல்பகம் சளி பிடித்திருக்கிறதா, சால்வை போட்டுக்கொள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மார்கழி மூன்றாம் நாள் ஐனோ ஊருக்குக் கிளம்பினாள். விடியற்காலை கோயிலுக்குப் பொங்கல் அனுப்பிவிட்டு வந்த கல்பகம், மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். ஸ்டாண்டிலிருந்து ப்ரியம்வதா என்று பேர் வெட்டிய டம்ளரை எடுத்தாள். அதில் நுரை பொங்கக் காபி ஆற்றி, ஹாலில் பெட்டியோடு நின்ற பெண்ணிடம் கொண்டுபோய் நீட்டினாள். பேச்சுதான் வரவில்லை, இதையாவது புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள்.

ஐனோ டம்ளரைப் பார்த்தாள். அந்த எழுத்துகளை இப்போது அவளால் படிக்க முடியும். சிரித்தாள். வாங்கிக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனாள். சமையலறைக்குள் ஒரு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் நுழைந்தாள். தன் டம்ளரை எடுத்து, ப்ரியாவின் டம்ளரை அதில் படாமல் உயர்த்திப் பிடித்து, காபியை மாற்றி ஊற்றினாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

"என்கிட்ட என்னோடது இருக்கு மாமி" என்றாள்.

அதில் குத்தல் இருந்ததா என்று கல்பகம் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள். இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் தேவலை.

வாசலில் கார் வந்தது. கல்பகம் அவள் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள். ஐனோ குனிந்து கொடுத்தாள், அவ்வளவுதான். கார் தெரு முனை திரும்பிய பிறகு உள்ளே வந்து பார்த்தாள். டம்ளர் கழுவி, துடைத்து, ஜன்னலிலேயே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தன் பேர் வெட்டிய டம்ளரை அந்தப் பெண் கொண்டுபோகவில்லை.

சங்கராந்திக்கு முன்னால் ப்ரியா திரும்பி வந்தாள். அவள் பெட்டியில் துணி சுற்றின ஒரு வாணலி இருந்தது. உன்னைத் தவிர யாரும் தொடாதது, உன் வீட்டுக்கே எடுத்துப் போ என்று ஐனோவின் அம்மா கொடுத்தனுப்பினாளாம். கல்பகம் அதைக் கையில் வாங்கினாள். நல்ல கனம். அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ப்ரியா ஜன்னலைப் பார்த்தாள். "அவ டம்ளர் ஏம்மா இங்க இருக்கு? மறந்துட்டாளா?"

அப்போதுதான் கல்பகம் சொன்னாள். சொம்பிலிருந்து ஆரம்பித்து, நகப் பாலிஷ், கடைக்காரர், சபீனா, காய்ச்சல், கடைசி நாள் காபி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். ப்ரியா குறுக்கே பேசவில்லை.

"போன முதல் நாளே அவ அம்மா என்னை உட்கார வெச்சுக் கேட்டாம்மா. உங்காத்துல எப்படிச் சாப்பிடுவேள், எது ஆகும், எது ஆகாது, எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுன்னு. நான் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது அங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தூக்கிக் குடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஐனோ அன்னிக்கே கத்துண்டிருப்பா" என்றாள்.

கல்பகத்துக்கு அது தெரியும். கடைசி நாள் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றின அந்தக் கையை அவள்தான் பார்த்தாளே.

மறுநாள் காலை பெருமாள் சேவித்து எழுந்ததும், பித்தளைச் சொம்பை மேடையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பெருமாள் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அங்கே அதற்கு வேண்டிய இடம் இருந்தது. எப்போதும் இருந்தது. தனியாக எடுத்து வைக்க வேண்டியது அந்தச் சொம்பைத்தான் என்பது நாலு மாதமாக அவளுக்குத் தோன்றவில்லை. தீர்த்தத்துக்கு ஒரு கதவு போட்டிருந்தால் போதும். அவள் அதற்குப் பதில் ஒரு பெண்ணுக்கு ஜன்னல் காட்டிவிட்டாள்.

ப்ரியா இங்கிலீஷில் எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டாள். கல்பகம் வேண்டாம் என்றாள். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் தானே எழுதினாள். 'ஐனோ, நீ ஒரு தப்பும் பண்ணலை. சொல்லத் தெரியாமல் தப்பு பண்ணினது நான். மாமியை மன்னிச்சுக்கோ.' ஐ இந்தத் தடவையும் வால் நீண்டுதான் வந்தது. அதை ப்ரியா போட்டோ எடுத்து அனுப்பினாள்.

பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் அன்றே வந்துவிட்டது என்று ப்ரியா சொன்னாள். பதில் ஐந்து நாள் வரவில்லை. ஆறாம் நாள் வந்தது. தமிழில், ஒரே வரி. 'பரவாயில்லை மாமி.'

நல்ல வார்த்தைதான். யார் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வார்த்தை. பஸ்ஸில் காலை மிதித்தவளிடம் கூடச் சொல்லலாம். கல்பகம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேள்வி கேட்ட பெண் அதில் எங்காவது இருக்கிறாளா என்று தேடினாள்.

அன்று சாயங்காலம் ஜன்னலிலிருந்து டம்ளரை எடுத்துத் தன் காபியை அதில் ஊற்றிக்கொண்டாள். வழக்கம் போலக் கை உயர்ந்தது. உயர்ந்த கையை இறக்கினாள். பேர் வெட்டிய இடத்தைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு, விளிம்பை உதட்டில் வைத்தாள். சுரீரென்று சுட்டது. விளிம்பு இப்படிச் சுடும் என்பது ஐம்பத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு நாளைக்கு நாலு தடவை இதைப் பொறுத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

மெதுவாகக் குடித்து முடித்தாள். கழுவினாள். ஸ்டாண்டில், தன் டம்ளருக்கும் ப்ரியா டம்ளருக்கும் நடுவில் இடம் பண்ணி, அதைக் கவிழ்த்து வைத்தாள்.